யாயிர் நின்ற இடம்



மாற்கு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வருகிறார். பெயர் யாயிர். தொழுகைக்கூடத் தலைவர், ஊரில் மதிப்புள்ளவர். பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள். மதிப்பையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு, ஊரே பார்க்க இயேசுவின் காலில் விழுகிறார். இயேசுவும் மறுபேச்சில்லாமல் அவரோடு புறப்படுகிறார்.

ஆனால் பாதி வழியில் இயேசு நின்றுவிடுகிறார். தம்மைத் தொட்டது யார் என்று கேட்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கால் வாடிய பெண் நடுங்கிக்கொண்டே முன்னால் வந்து, நடந்ததையெல்லாம் சொல்கிறார். அவர் சொல்லி முடிக்கும்வரை இயேசு கேட்டுக்கொண்டிருக்கிறார். யாயிரும் அங்கேதான் நிற்கிறார். அந்த நேரத்தில் அவர் ஏதாவது சொன்னாரா என்று மாற்கு எழுதவில்லை. பிள்ளை பெற்றவர்களுக்கு எழுதிக் காட்டவும் வேண்டியதில்லை.

விளையாட்டில் அடிபட்டு, ஒரு பருவம் முழுவதையும் இழந்து வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்காக அவரைப் போலவே நின்று காத்திருக்கும் பெற்றோரை மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன். நம் சிம்பாங் அம்பாட்டில் விளையாட்டு பொழுதுபோக்கோடு முடிவதில்லை. 2000-ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையிலான சுக்மா போட்டி நடந்த பத்து காவான் அரங்கம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே ஒரு நாள் மாநிலச் சட்டை போட்டு இறங்க வேண்டும் என்று பிள்ளை ஆசைப்படுகிறான். அப்பா தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, கண்ணெரிச்சலோடு அவனைப் பயிற்சிக்குக் கொண்டுபோய் விடுகிறார். பூட்ஸ் வாங்க அம்மா மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைக்கிறார். பிறகு ஒரு மாலை, யாரும் இடிக்காமலே, ஓடிக்கொண்டிருந்தவன் சட்டென்று திரும்பும்போது முட்டி மடங்குகிறது. "லிகமெண்ட் அறுந்துபோச்சு ஃபாதர், இந்த வருசம் ஆட முடியாதாம்."

அந்த வாரம் வீட்டுக்குள் வரும் பேச்சு உங்களுக்குத் தெரியும். "யாரு கண்ணு பட்டுச்சோ." "படிப்பைப் பாருன்னு அப்பவே சொன்னேன்ல." எல்லாரும் போன பிறகு, பிள்ளைக்குக் கேட்காத குரலில் தாய் கேட்பார்: "நாங்க என்ன பாவம் செஞ்சோம்?" பார்வையற்றுப் பிறந்தவரைப் பார்த்துச் சீடர்களும் இதையேதான் கேட்டார்கள்: பாவம் இவனுடையதா, பெற்றவர்களுடையதா? இருவருடையதும் இல்லை என்று இயேசு தெளிவாகச் சொன்னார். யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தை இன்று இரவு வீட்டில் எடுத்து வாசியுங்கள். உங்கள் பிள்ளையின் முட்டி கடவுள் கொடுத்த தண்டனை இல்லை. அப்படி யாராவது சொன்னால், அது நம் திருச்சபையின் போதனை இல்லை என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லுங்கள்.

அடுத்து, காத்திருப்பது. அறுந்த அந்த லிகமெண்ட் பெரும்பாலும் தானாக ஒட்டிக்கொள்வதில்லை. திரும்பவும் ஆட விரும்பும் பிள்ளைக்கு, தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ நரம்பு போன்ற நாரை எடுத்து உள்ளே பொருத்துகிறார்கள். இடம் மாற்றி நட்ட செடி வேர் பிடிப்பதைப் போலத்தான் அது உயிர் பிடிக்க வேண்டும். இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அறுவை முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் வலி குறைந்துவிடும், வீக்கம் வடிந்துவிடும். "எனக்குச் சரியாயிருச்சும்மா, இன்னிக்கு ஒரே ஒரு ஆட்டம்" என்று பிள்ளை கெஞ்சுவான். உள்ளே வைத்த நார் மிகவும் பலவீனமாக இருப்பது ஏறக்குறைய அந்த மாதங்களில்தான். ஒன்பது மாதமாவது பொறுக்காமல் களத்துக்குப் போகிறவர்களுக்கு மறுபடியும் கிழியும் ஆபத்து அதிகம். இளவயதுப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம்.

ஆகவே, "ஆண்டவரே, இந்தப் போட்டிக்குள் குணமாக்கும்" என்று நவநாள் வைக்கும் பெற்றோருக்கு அன்போடு சொல்கிறேன். ஜெபியுங்கள். ஆனால் தேதி குறித்து ஜெபிக்காதீர்கள். மருத்துவரை உண்டாக்கியவரும் ஆண்டவரே என்று சீராக்கின் ஞான நூல் சொல்கிறது. பிசியோவிடம் தவறாமல் கூட்டிப்போவதும், வீட்டில் கால் தூக்கும் பயிற்சியை எண்ணிக்கை குறையாமல் செய்ய வைப்பதும் உங்கள் ஜெபமாலையோடு சேர்ந்தவைதான். "இல்லப்பா, இன்னும் நாலு மாசம்" என்று அழுகிற பிள்ளையிடம் உறுதியாகச் சொல்வதற்கு, கோயிலில் முழங்கால் போடுவதைவிடப் பெரிய விசுவாசம் வேண்டியிருக்கும்.

நமக்கு வடக்கே சுங்கை பட்டாணியைச் சேர்ந்த சுவர்ப்பந்து வீராங்கனை சிவசங்கரியை நீங்கள் அறிவீர்கள். 2022 ஜூன் மாதக் கடைசியில் நடந்த கார் விபத்தில் அவருக்கு முகத்திலும் கழுத்திலும் பலத்த காயம். பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. போக முடியவில்லை. மறு ஆண்டு அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சுவர்ப்பந்து ஒற்றையர் தங்கத்தை வென்றார்; 2024-இல் லண்டனிலும் பட்டம் வென்றார். உங்கள் பிள்ளையும் தங்கத்தோடுதான் திரும்புவான் என்று வாக்குக் கொடுக்க நான் இதைச் சொல்லவில்லை. பலர் அந்த அளவுக்குத் திரும்புவதில்லை. சிலர் திரும்பவே ஆடுவதில்லை. பர்மிங்காம் தொடங்கிய அந்த ஜூலையில் தங்கம் எதுவும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. பெற்றவர்கள் முன்னால் காயப்பட்ட மகள்தான் இருந்திருப்பார். அப்படிப்பட்ட ஒரு ஜூலையில்தான் இன்று உங்களில் சிலர் இருக்கிறீர்கள்.

யாயிரின் வீட்டுக்குத் திரும்புவோம். "மகள் இறந்துவிட்டாள், போதகரை ஏன் இன்னும் தொந்தரவு செய்கிறீர்?" என்ற செய்தி வழியிலேயே வந்துவிடுகிறது. வீட்டிலோ ஒரே ஓலம். இயேசு முதலில் அந்த இரைச்சலை வெளியே அனுப்புகிறார். தகப்பனையும் தாயையும் தம்மோடு வந்த மூன்று சீடரையும் மட்டும் உள்ளே கூட்டிப்போகிறார். கவனியுங்கள், அதுவரை கதையில் இல்லாத தாய் அந்த அறைக்குள்தான் முதன்முதலாகத் தெரிகிறார். உங்கள் வீட்டிலும் அந்த அறையை அமைதியாக வையுங்கள். போன சீசன் வீடியோவைப் போட்டுப் பார்த்து அவன் எதிரில் பெருமூச்சு விடாதீர்கள். அவனுக்குப் பதில் யார் அணியில் சேர்ந்தார் என்று சாப்பாட்டு மேசையில் பேசாதீர்கள். மாநிலச் சட்டை யாருடைய ஆசையாக இருந்தது, அவனுடையதா, நம்முடையதா என்று தகப்பன்மார் ஒருமுறை தனியாக உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். நம்முடையதாக இருந்தால், அந்தத் துக்கத்தை ஆண்டவரிடம் கொண்டுவாருங்கள்; பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள்.

சிறுமி எழுந்து நடக்கிறாள். எல்லாரும் மலைத்து நிற்கும்போது இயேசுவுக்கு அவளுடைய பசி ஞாபகம் வருகிறது. சாப்பிட ஏதாவது கொடுக்கச் சொல்கிறார். புதுமை செய்தவர் அவர்; சோறு போடுவது வீட்டாரின் வேலை. ஜூலை 26-ஆம் நாள் புக்கிட் மெர்தாஜாமில் மெழுகுவர்த்தி ஏற்றி நாம் வணங்கும் புனித அன்னாளும் அந்த வேலையை அறிந்த ஒரு தாய்தான். வேண்டுதல் வைக்கப் போகும்போது அடிபட்ட பிள்ளையையும் அழைத்துப் போங்கள். கூட்டத்தில் நடக்க முடியாவிட்டால், கூட்டம் குறைந்த வேறொரு நாளில் போங்கள்.

மற்றப் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடிபட்டவனை அணியின் வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து எடுத்துவிடாதீர்கள். சனிக்கிழமைப் பயிற்சிக்கு உங்கள் பிள்ளையைக் கொண்டுபோகும்போது, அவன் வீட்டு வாசலிலும் காரை நிறுத்துங்கள். ஊன்றுகோலை வைக்கப் பின்சீட்டில் இடம் விடுங்கள். இன்று திருப்பலி முடிந்ததும் அடிபட்ட பிள்ளைகளும் பெற்றோரும் பீடத்தின் முன்னால் வாருங்கள். ஒவ்வொருவர் மேலும் கை வைத்து ஜெபிக்கிறேன்.