ஆளில்லா இராட்டினம்



உக்ரேன் தேசத்தில் பிரிப்பியாத் என்றொரு பட்டணம். செர்நோபில் அணுமின் நிலையத்தில் வேலை செய்வோருக்காக 1970-ல் உண்டானது. 1986 மே 1-ந் தேதி தொழிலாளர் தினத்தன்று திறப்பதற்காக அங்கே ஓர் உல்லாசப் பூங்கா ஆயத்தமாயிருந்தது. மஞ்சள் கூண்டுகள் தொங்கும் பெரிய இராட்டினமும், மோதி விளையாடும் சிறு மோட்டார் வண்டிகளும் குழந்தைகளுக்காகக் காத்திருந்தன.

ஏப்ரல் 26-ந் தேதி விடியுமுன் அணு உலை வெடித்தது. மறுநாள் பிற்பகலில் ஏறக்குறைய 49,000 ஜனங்கள் பஸ்களில் ஏற்றப்பட்டார்கள். சில நாளில் திரும்பிவிடலாம் என்றெண்ணியே கதவைப் பூட்டினார்கள். மறுபடி அங்கே குடித்தனம் நடக்கவேயில்லை. 2022-ல் யுத்தம் மூளுமுன் அவ்விடம் போன யாத்திரிகர்கள், துருவேறிய இராட்டினத்தையும் அதைச் சூழ்ந்து வளர்ந்த மரங்களையும் கண்டு பேச்சற்று நின்றார்கள்.

அந்த ஜனங்கள் நம்மிலும் பெரிய பாவிகளோ? அல்லவே. கோபுரம் இடிந்து மாண்ட பதினெட்டுப் பேரைக் குறித்து அவ்விதம் எண்ணலாகாதென்று நமதாண்டவர் சொன்னார்; கேட்டு நின்றவர்களையே மனந்திரும்பச் சொன்னார்.

சந்தோஷத்துக்கு நாள் குறித்திருந்தது. நாள் வந்தது; ஜனம் இல்லை. இடையே ஐந்தே நாள்! நாமும் நாள் குறிக்கிறோம். "பாஸ்கு வரட்டும், பாவசங்கீர்த்தனம் செய்யலாம்; அறுப்பு முடியட்டும், அண்ணனோடு பேசலாம்" என்கிறோம். அந்நாள் வரும். அண்ணன் இருப்பாரோ? நாம்தான் இருப்போமோ?

இன்று பூசை முடிந்து போகையில் அவர் வாசலில் சற்று நில்லுங்கள். அந்தக் கதவு இன்னும் பூட்டப்படவில்லை.

ஆமென்.