புலிக்கும் ரப்பு அவனே

 

பூமியில் திரியும் பிராணிகளும் சிறகடித்துப் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று சூரத்துல் அன்ஆம் 38-வது ஆயத்தில் அல்லாஹுதஆலா அறிவிக்கின்றான். சமுதாயம் என்றால் அதற்கொரு வீடு வேண்டுமல்லவா?

பூனை இனத்தையே பாருங்கள். அரபு நாட்டு மணற்பூனைக்குச் சுடுமணலில் நடக்க உள்ளங்காலில் ரோமம் கொடுத்தான். இமயத்துப் பனிச்சிறுத்தைக்குக் குளிர் தாங்கும் தடித்த ரோமம் கொடுத்தான். தென்னமெரிக்கக் காடுகளில் ஜாகுவாரையும், குஜராத்தின் கிர் காட்டில் சிங்கத்தையும் வைத்தான். நம் நீலகிரியில் முதுமலைப் புலியும், தேயிலைத் தோட்டத்துச் சிறுத்தையும், புதரோரக் காட்டுப்பூனையும் அவன் குடியமர்த்தியவையே. சோலைக்காடும் புல்வெளியுமாய் இருந்த இடத்தில்தான் வெள்ளையர் காலத்தில் தேயிலை வந்தது.

ஆனால் இந்த மலையில் நடந்ததென்ன? 2023 செப்டம்பரில் எமரால்டு பகுதியில் இரண்டு புலிகள் செத்துக் கிடந்தன. மாட்டைப் பறிகொடுத்த ஒருவர் அதன் உடலில் விஷம் வைத்ததாகக் கைது செய்யப்பட்டார். 2024 ஜனவரியில் பந்தலூரில் மூன்று வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. அந்தத் தாயின் கண்ணீரை நினைக்கும் எவரும் மிருகமே பெரிதென்று சொல்லமாட்டார், நானும் சொல்லவில்லை. பாய்ந்து வரும் மிருகத்தைத் தடுத்து உயிர் காப்பதை மார்க்கம் அனுமதிக்கிறது.

இறைச்சியில் விஷம் வைப்பதோ தற்காப்பன்று. எது வந்து தின்னும் என்று வைத்தவருக்கே தெரியாது. கழுகும் நாயும் குட்டியும் சேர்ந்து சாகும். ஒரு பூனையை அடைத்துவைத்து, தீனியும் போடாமல், இரைதேடவும் விடாமல் சாகடித்த பெண் வேதனைக்கு ஆளானாள் என்பது புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் வரும் ஹதீஸ். ஒரு பூனைக்கே அந்தக் கேள்வி என்றால், விஷம் வைத்த கைக்கு என்ன பதில் இருக்கிறது?

“மௌலவி ஸாஹிப், என் மாட்டுக்கு யார் பொறுப்பு?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். ஆகவே கொட்டகையை இரவில் நன்றாக அடைத்து வையுங்கள். புலி அடித்துவிட்டால் வனத்துறையிடம் மனுக்கொடுத்து இழப்பீடு கேளுங்கள். அது ஹலாலான வழி. அந்தி சாய்ந்ததும் பிள்ளைகளை வீட்டினுள் வைத்துக்கொள்ளவும், இரவில் கதவை அடைக்கவும் அன்னார் கட்டளையிட்டார்கள். ஷைத்தான்கள் பரவும் நேரம் என்பது அவர்கள் கூறிய காரணம். சிறுத்தை அதிகம் உலவுவதும் அந்நேரத்தில்தான். பகலிலும் அது வரக்கூடும்; சிறு பிள்ளையைத் தேயிலைப் புதரோரம் தனியே விடாதீர்கள்.

இன்னொன்று, நம்மீதே உள்ள குறை. கோழிக் குடலையும் இறைச்சிக் கழிவையும் வீட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் எறிகிறோம். அதைத் தின்ன நாய் வருகிறது. நாயைத் தேடிச் சிறுத்தை வருகிறது. அழைத்தது யார்? குர்பானிக் கழிவுகளை ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். ஒவ்வொரு ஜமாஅத்தும் இதற்கென ஆள் வைக்கட்டும். சுத்தம் ஈமானில் சேர்ந்தது என்பது உளூவோடு முடிந்துவிடுவதில்லை.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளையும் கால்நடைகளையும் காப்பாயாக! நீ படைத்த உயிர்களுக்கு அநீதி செய்யாதவர்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன்.