சாவின் காரணம்

கல்லறைத் திருநாளுக்கு முந்திய வாரத்தில் பங்கின் இறந்தோர் பதிவேட்டை எடுத்துப் புரட்டுவது நம் நெடுநாளைய வழக்கம். அவ்வாண்டு இறந்தோரின் பெயர்களைத் திருப்பலியில் வாசிக்கக் குறித்துக்கொள்வதற்காக என்று வெளியே சொல்லிக்கொள்வோம். ஆனால் ஏட்டைத் திறந்தால் அவ்வாண்டோடு கை நிற்பதில்லை. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, ஊர், இறந்த நாள், பெற்ற அருட்சாதனங்கள், அடக்கம் செய்த குருவின் கையொப்பம் எனக் கோடிட்ட பத்திகளில் ஒரு பங்கின் கண்ணீரெல்லாம் வரிசையாய் உறைந்து கிடக்கிறது. அவற்றுள் ஒரு பத்தியின் தலைப்பு ‘சாவின் காரணம்’.

வெண்ணாற்றுப் பாசனத்தில் அமைந்த இப்பங்கில் நாம் முன்பு ஒருமுறை பணியாற்றினோம். பின்பு பல ஊர்கள் சுற்றி, அண்மையில் மீண்டும் இங்கேயே அனுப்பப்பட்டோம். ஆகவே இந்த ஏட்டின் சில பக்கங்கள் நம் கையெழுத்திலேயே இருக்கின்றன. ‘முதுமை’, ‘மாரடைப்பு’, ‘பாம்பு தீண்டி’ என்று தெளிவாய் எழுதிய இடங்கள் உண்டு. ‘வயிற்றுவலி’, ‘நீண்ட நாள் நோய்’, ‘உடல் நலிவு’ என்று எழுதிய இடங்களும் உண்டு. இந்த மூன்று சொற்களும் பெரும்பாலும் ஒரே நோயைக் குறிப்பவை என்பது எழுதிய நமக்குத் தெரியும். எழுதச் சொன்ன வீட்டாருக்கும் தெரியும்.

2005-ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. வயது 44. நடவுக்கும் களையெடுப்புக்கும் முதல் ஆளாய் இறங்குபவர். கிளைப்பங்கின் மாதா சபையில் செபமாலையை முன்னின்று சொல்பவர். மாதவிலக்கு நின்ற பின்னும் உதிரப்போக்கு இருந்ததை ஓராண்டுக்கு மேல் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது நோய் முற்றிவிட்டது. கருப்பை வாய்ப் புற்று என்று மருத்துவர் எழுதிய சீட்டை நாமே வாசித்துக் காட்டினோம். அடக்கத்தன்று மாலை அவருடைய கணவர் பங்கு இல்லத்துக்கு வந்து, தூணைப் பிடித்தபடி நின்றார். “சாமி, என்ன வியாதின்னு எழுதிடாதீங்க. பின்னால ரெண்டு பொண்ணு நிக்குது” என்றார். நாம் ‘உடல் நலிவு’ என்று எழுதினோம். அன்று அது நமக்கு இரக்கமாகவே தோன்றியது.

அடுத்த சில ஆண்டுகளில் ஒரு நல்ல காரியம் நடந்தது. தமிழ்நாட்டில் கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் திட்டத்தை அரசு முதலில் சோதனை முறையில் நடத்திப் பார்க்கத் தேர்ந்த மாவட்டங்கள் இரண்டு. ஒன்று தேனி, மற்றது நம் தஞ்சாவூர். 2007 முதல் 2010 வரை நடந்த அத்திட்டத்தில் முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு நீர்த்த காடியைத் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனை செய்யப்பட்டது. ஒரு பயிற்சி பெற்ற செவிலியரே சில மணித்துளிகளில் செய்துவிடக் கூடியது அது. திருப்பலி முடிவில் நாமும் அறிவித்தோம். சிலர் போனார்கள். முன் சொன்ன பெண்ணின் பக்கத்து வீட்டார், அவரோடு கூட்டாக நடவுக்குப் போய்வந்தவர், போகவில்லை. எந்த நோவும் இல்லாதபோது எதற்கு என்பது அவர் எண்ணம். 2010-இல் அவருக்கு நோயில்பூசுதல் அருட்சாதனம் வழங்கச் சென்றோம். எண்ணெய் பூசி முடிந்ததும் அவர் கேட்ட கேள்வி இன்றும் செவியில் நிற்கிறது. “அவளுக்கு வந்தது இதுதான்னு அன்னிக்கே யாராச்சும் சொல்லியிருந்தா, நர்சம்மா கூப்பிட்டப்ப நான் போயிருப்பேனே சாமி?”

குருமடத்தில் அறநெறி இறையியல் கற்ற நாளில், பொய் சொல்லாமலே உண்மையை உள்ளத்தில் ஒதுக்கிவைத்துப் பேச எங்கெங்கே இடமுண்டு என்று ஒரு நீண்ட பாடம் இருந்தது. கேட்பவருக்கு அவ்வுண்மையைப் பெறும் உரிமை இருக்கிறதா என்பதே அப்பாடத்தின் அச்சாணி. உரிமையற்றவன் கேட்டால் மறைக்கலாம். உரிமையுள்ளவன் கேட்டால் மறைக்கலாகாது. ஏட்டில் தெளிவாய் இருந்த இவ்விதி, அந்தக் கயிற்றுக் கட்டிலின் அருகில் நமக்குக் கைகொடுக்கவில்லை. இறந்துபோன ஒரு பெண்ணின் நோயைப் பற்றிய உண்மை யாருக்கு உரியது? அவருடைய மானத்தைக் காக்க வேண்டிய வீட்டாருக்கா? அதே நோய் வரக்கூடிய அண்டை வீட்டாருக்கா?

இறந்தோரை ஏட்டில் எழுதும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று சற்று எண்ணிப் பார்க்கலாம். ஐந்தாம் சின்னப்பர் 1614-இல் வெளியிட்ட உரோமைத் திருச்சடங்கு நூல், ஒவ்வொரு பங்குக் குருவும் இறந்தோருக்கென்று ஓர் ஏடு வைத்திருக்க வேண்டுமெனப் பணித்தது. ஆன்மாக்களுக்காக மன்றாடவும், முறையாக அடக்கம் நடந்ததெனச் சான்று கூறவுமே அவ்வேடு. ஆனால் எழுதி வைத்த உண்மை எழுதியவன் நினையாத இடத்திலும் பலன் தரும். இத்தாலி நாட்டின் வெரோனா நகரில் 1760 முதல் 1839 வரை நிகழ்ந்த இறப்புகளின் பதிவுகளை ரிகோனி-ஸ்டெர்ன் என்ற மருத்துவர் பொறுமையாக எண்ணினார். கருப்பைப் புற்றால் இறந்தவர்கள் மணமான பெண்களிடையே மிகுதியாகவும் கன்னியரிடையே மிக அரிதாகவும் இருந்தனர். மார்பகப் புற்றோ கன்னியரிடையே கூடுதலாக இருந்தது. 1842-இல் அவர் அதை வெளியிட்டார். ஏன் அப்படி என்ற கேள்விக்கு முழு விடை கிடைக்க நூற்று நாற்பது ஆண்டுகள் ஆயின. 1980-களில் செருமானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹவுசன், உடலுறவின் வழியே பரவும் ஒரு வைரஸ் கிருமியே கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் எனக் காட்டினார். 2008-இல் நோபல் பரிசு பெற்றார். அக்கிருமிக்கு எதிரான தடுப்பூசியை 14 வயதுச் சிறுமியருக்குப் போடுவதாகத் தமிழக அரசு 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்ததன் வேரை ஆய்ந்தால், அது வெரோனாவில் மடத்துக் கன்னியரின் சாவைக் காரணத்தோடு எழுதிவைத்த பெயர் தெரியாத கைகளைச் சென்று தொடும். அக்கைகள் ‘உடல் நலிவு’ என்று எழுதியிருந்தால்?

நம் மாநிலத்திலும் அத்தகைய எண்ணிக்கை உண்டு. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரை மறவாமல், 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது அங்கே 12 படுக்கைகளே இருந்தன. 1981-இல் அம்மருத்துவமனையில் சென்னை நகருக்கென ஒரு புற்றுநோய்ப் பதிவேடு ஏற்பட்டது. 2003-இல் திண்டுக்கல் மாவட்டத்துக்கென அம்பிளிக்கையில் ஒன்று தொடங்கியது. 2012-இல் தமிழ்நாடு முழுவதற்கும், ஏறத்தாழ ஏழு கோடிப் பேருக்கும், ஒரே பதிவேட்டுத் திட்டம் அமைந்தது. பதிவாளர்கள் மருத்துவமனைகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் சென்று நோயாளர் விவரங்களைத் திரட்டுகிறார்கள்; ஒரே ஆள் மூன்று ஊர்களில் மருத்துவம் பார்த்திருந்தால் மூவராய் எண்ணிவிடாதபடி ஒப்பிடுகிறார்கள்; இறப்புப் பதிவுகளோடு பொருத்திப் பார்க்கிறார்கள். இந்தக் கடைசி வேலையில்தான் அவர்கள் முட்டிக்கொள்ளும் சுவர் இருக்கிறது. 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை 22.5 விழுக்காடு மட்டுமே. மற்றவர்களில் பலர் வீட்டில் இறந்தார்கள். வீட்டார் சொன்னது எழுதப்பட்டது. ‘உடல் நலிவு’ நம் பங்கு ஏட்டில் மட்டும் இல்லை.

இப்பதிவேடுகள் காட்டுவது எளிய பாடமன்று. 1980-களில் சென்னைப் பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்று. இன்று அவ்விடத்தை மார்பகப் புற்று பிடித்துக்கொண்டது. நோய் வருவது ஒரு கணக்கு, நோயால் சாவது வேறொரு கணக்கு. உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி 2022-இல் இந்தியாவில் புதிதாய் நோயுற்றோர் ஏறத்தாழ 14.1 லட்சம், அவ்வாண்டு இறந்தோர் 9.2 லட்சம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் நோயுற்றோர் 23.8 லட்சம், இறந்தோர் 6.1 லட்சம். அங்கே நோய் அதிகம், சாவு குறைவு. நம் நாட்டின் 11 பதிவேடுகளை ஆய்ந்து 2024-இல் வெளியான அறிக்கை இன்னும் கூர்மையாகப் பேசுகிறது. மார்பகப் புற்று பரவுமுன் கண்டறியப்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் ஐந்தாண்டைக் கடக்கிறார்கள். உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிய பின் வந்தவர்களில் 18 பேர். இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட தொலைவு பெரும்பாலும் காலத்தின் தொலைவு. வெட்கமும், ‘அறுவடை முடியட்டும்’ என்ற தவணையும், வேண்டுதல் முடிந்த பிறகு பார்க்கலாம் என்ற பக்தியும் அக்காலத்தில் அடங்கும். மருத்துவரும் கடவுளின் படைப்பே என்று சீராக் நூல் சொல்வதை நம் மக்களிடம் நாம் போதிய அளவு சொன்னோமா என்பதில் நமக்கே ஐயம் உண்டு.

டெல்டாவில் யாரைக் கேட்டாலும் பூச்சிமருந்துதான் காரணம் என்பார்கள். அந்த அச்சத்தை நாம் இகழவில்லை. இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் தம் வாழ்நாளெல்லாம் மண்ணில் நஞ்சு கலப்பதை எதிர்த்தவர். அவரை மேற்கோள் காட்டி நாமும் மறையுரை ஆற்றியதுண்டு. ஆனால் எந்த ஊரில் எத்தனை பேர், எந்த உறுப்பில் என்று எண்ணாமல் எந்த நஞ்சின் மீதும் குற்றத்தை நிறுவ முடியாது, விடுவிக்கவும் முடியாது. அதே மறையுரையில் புகையிலை சேர்ந்த வெற்றிலைப்பாக்கை நாம் குறிப்பிடவில்லை. வாய்ப் புற்றை உண்டாக்குமென உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வு மையம் அதை 1985-இலேயே அறிவித்துவிட்டது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு கேடே எனப் பின்னர் உறுதி செய்தது. கும்பகோணம் வெற்றிலை நம் மண்ணின் பெருமை; கோவில் வாசலில் உட்கார்ந்து மெல்பவர்கள் நம் பெரியவர்கள். அவர்கள் மனம் நோகுமென விட்டுவிட்டோம். பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர் யாரும் நம் பங்கில் இல்லை.

மனிதரை எண்ணிக்கையாக்குவது சரிதானா என்று கேட்பவர்கள் உண்டு. தாவீது அரசர் மக்களைக் கணக்கெடுத்தது பாவமாயிற்று. கொள்ளைநோய் வந்தது என்று விவிலியம் கூறுகிறது. ஆனால் அவர் எண்ணியது வாளேந்தும் ஆண்களை. நோவுற்றவர்களை அவர் எண்ணவில்லை. நூறு ஆடுகளுள் ஒன்று தவறியதை ஆயன் அறிந்தது எப்படி என்று நாம் கேட்பதில்லை; மாலையில் பட்டியில் எண்ணிப் பார்த்ததால்தானே அறிந்தான்! சீலோவாம் கோபுரம் இடிந்து இறந்தவர்கள் பதினெட்டுப் பேர் என்று எண்ணைச் சொல்லியே ஆண்டவர் பேசுகிறார். அவர்கள் மற்றவரைவிடப் பாவிகள் அல்லர் என்கிறார். நம் ஊரில் புற்றுநோய் வந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது நினைக்க வேண்டிய இடம் அது. ஏழு கோடிப் பேரின் கணக்கில், நோய் நல்லவர் வீட்டையும் பொல்லாதவர் வீட்டையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

இன்னொன்றும் நமக்குப் பிந்தித்தான் விளங்கியது. பதிவேடு நோயாளியின் பெயரைக் கமுக்கமாக வாங்கிக்கொள்கிறது. வெளியே எண்ணை மட்டும் தருகிறது. குளிர்ந்தது, உயிரற்றது என்று நாம் பழித்த அந்த எண், உண்மையில் ஒரு முந்தானை போன்றது. அதன் மறைவில் ஒரு பெண்ணின் மானமும் காக்கப்படுகிறது, அவள் நோய் பற்றிய உண்மையும் வெளிப்படுகிறது. அன்று தூணைப் பிடித்து நின்ற அந்த மனிதரிடம் நாம் இதைச் சொல்லியிருக்கலாம். ஊரில் சொல்ல மாட்டோம், ஏட்டில் மெய்யே எழுதுவோம் என்று. ஆயினும் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது எண் அன்று. தோழியின் பெயரோடு சேர்ந்த ஒரு சொல். அவருக்கு நாம் சொல்லியிருக்கக் கூடிய மறுமொழியை இந்நாள்வரை தேடிக்கொண்டிருக்கிறோம்.

2010-ஆம் ஆண்டுப் பக்கத்தில் அவர் பெயருக்கு நேரே ‘கருப்பை வாய்ப் புற்றுநோய்’ என்று நம் கையெழுத்தில் இருக்கிறது. அவர் கணவர் தடுக்கவில்லை. 2005-ஆம் ஆண்டு வரியை நாம் திருத்தவில்லை. பழைய பதிவை அடித்தெழுதும் உரிமை நமக்கில்லை.

சென்ற கல்லறைத் திருநாளன்று மாலை, மந்திரித்த நீரோடு கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வந்தோம். இரு கல்லறைகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. இரண்டாமவரின் கணவர் வெள்ளையடித்த கல்லில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்தார். முதல் கல்லறையருகே அந்த வீட்டு மூத்த மகள், இப்போது இரு பிள்ளைகளுக்குத் தாய், சாமந்தி மாலையைச் சாத்திக்கொண்டிருந்தாள். பெரியவர் நம்மைப் பார்த்து, “சாமி, இந்த ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதானா?” என்று கேட்டார். நாம் வாய் திறக்குமுன் அந்த மகள் நிமிர்ந்தாள். “ஆமா மாமா, அம்மாவுக்கும் அதுதான்” என்றாள். பிறகு, காற்றில் அணைந்துபோன திரியை அவரிடமிருந்து வாங்கித் தன் தாயின் கல்லறை விளக்கில் பற்றவைத்துக் கொடுத்தாள்.