ஒரே பாத்திரம்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் கீழ்பென்னாத்தூர் இருக்கிறது. ஒரு கலியாணத்துக்காக அந்தப் பக்கம் போயிருந்த எனக்கு, திரும்புகிற பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் டீக்கடையில் ஒரு பெரியவரோடு பேச நேர்ந்தது. லுத்தரன் சபையில் நெடுங்காலம் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

பேச்சுவாக்கில் அவர் ஒன்று சொன்னார். முன்பெல்லாம் அவருடைய சபையில் திருவிருந்தின்போது திராட்சரசத்தை எல்லாரும் ஒரே பாத்திரத்திலிருந்துதான் குடிப்பார்களாம். 2020-இல் கொரோனா வந்த பிறகு ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் என்று ஆகிவிட்டதாம்.

"சுகாதாரம்தான் காரணம். நல்ல காரணம், ஐயா. ஆனால் நல்ல காரணத்தின் முதுகுக்குப் பின்னால் பழைய காரணமும் வந்து ஒளிந்துகொண்டால், அதை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்றார்.

பழைய காரணம் என்ன என்று நான் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் பிறந்தவன் கேட்க வேண்டிய அவசியமுமில்லை.

இந்தப் பகுதியில் டேனிஷ் மிஷன் வேரூன்றியதற்கே அந்தப் பழைய காரணம்தான் காரணம். கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் முதலில் லைப்சிக் மிஷனில் இருந்தவர். சபைக்குள் சாதியைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று வாதாடினார், வாதம் எடுபடவில்லை. விலகி வந்து, பண்ருட்டிக்குப் பக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்று பெயரிட்டுத் தனியாக ஊழியம் தொடங்கினார். 1860-களில் டேனிஷ் மிஷன் சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கிருந்துதான் அந்தப் பணி மேற்கே திருவண்ணாமலைப் பக்கம் பரவியது.

அவரை எதிர்த்தவர் யார் தெரியுமா? லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல். 1849 முதல் 1853 வரை இந்தியாவில் சுற்றிப் பார்த்தவர். திருக்குறளை ஜெர்மன் மொழியிலும் லத்தீனிலும் பெயர்த்தவர். பிறப்பால் உயர்வு தாழ்வில்லை என்ற வள்ளுவர் வாக்கைத் தம் கையாலேயே மொழிபெயர்த்த மனிதர், சாதியைச் சமூக வழக்கமென்று விட்டுப் பிடிக்கச் சொன்னார்! படிப்பு வேறு, பந்தி வேறு போலிருக்கிறது.

ஆனால் அவரை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரிகள், தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை உண்டு சாதியை விட்டதாகக் காட்டாதவனுக்கு ஞானஸ்நானம் இல்லை என்று தீர்மானித்தார்கள். கிரவுல் கட்சியார் கேட்டார்கள்: விசுவாசம் ஒன்றே போதும் என்று பிரசங்கித்துவிட்டு, அதன்மேல் ஒரு சோற்று உருண்டையை நிபந்தனையாக வைக்கலாமா? அந்நாளில் விருத்தசேதனம் நிபந்தனையாகக் கூடாது என்றுதானே பவுல் போராடினார்? நியாயமான கேள்விதான்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் இருந்தார். 1774-இல் பிறந்து 1864-இல் மறைந்த பெரும் கவி. அவருடைய பாட்டுகளை இன்றும் கோயில்களில் பாடுகிறார்கள். சாதியை விடச் சொன்ன மிஷனரிகள், கலியாணத்தில் பூவையும் கோயிலில் தமிழ்ப் பாட்டையும்கூட விடச் சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் சேர்த்து எதிர்த்தார். பூவுக்கும் பாட்டுக்கும் அவர் வாதாடியதை நான் கைகூப்பி ஒப்புக்கொள்கிறேன். சாதிக்கு வாதாடியதை எப்படி ஒப்புவது? வெள்ளைக்காரன் அதிகாரத்தோடு சொன்னதால் ஒரு நல்ல காரியமும் அவமானமாகப் பட்டிருக்கலாம். துரைமார் வீட்டு மேஜையில் எத்தனை தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு நாற்காலி போட்டார்கள் என்று அவர் கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டம்.

இத்தனை பேர் வாதாடினார்களே, எல்லாரும் யாருடைய மனச்சாட்சியைப் பற்றிப் பேசினார்கள்? எழுந்து போகிறவனுடைய மனச்சாட்சியைப் பற்றி. அவனுக்கு அவகாசம் கொடுப்பதா, அவனைக் கட்டாயப்படுத்துவதா என்பதுதான் வழக்கு. உயர்ந்தோர் என்போர் குடித்து முடிக்கும்வரை பாத்திரத்துக்காகக் காத்து நின்றவனிடம், "உனக்கு எத்தனை நாள் பொறுமை இருக்கிறது?" என்று இந்த வாதத்தில் யாரும் கேட்டதாகத் தோன்றவில்லை.

கலாத்தியர் நிருபத்தில் ஒரு சம்பவம் வருகிறது. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சில பேர் வந்தார்கள். பேதுரு மெல்ல விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லாருக்கும் முன்னால் முகத்துக்கு நேரே கண்டித்தார். பேதுருவுக்குக் கொள்கையில் சந்தேகமில்லை. ஊர்க்காரர் பார்க்கிறார்களே என்ற பயந்தான்.

அந்தப் பயத்தை நான் அறிவேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எனக்கு ஒரு நண்பன். சேரியிலிருந்து வந்து கிறிஸ்தவ விடுதியில் தங்கிப் படித்தவன். மத்தியானத்தில் இருவரும் வேப்பமரத்தடியில் ஒரே தூக்கிலிருந்து சாப்பிடுவோம். கோடை விடுமுறையில் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தான். பாட்டி திண்ணையில் இலை போட்டாள். நானும் அவன் பக்கத்திலேயே எனக்கும் இலை போடச் சொல்லி உட்கார்ந்தேன்; பெருமையாகக்கூட இருந்தது. அப்போது பெரிய மாமா தெருமுனையில் வருவது தெரிந்தது. தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று சொல்லி உள்ளே போனேன். மாமா கை கால் கழுவி ஊஞ்சலில் உட்காரும்வரை வெளியே வரவில்லை. வந்து பார்த்தபோது அவன் தன் இலையை மட்டுமல்ல, பாதியில் விட்டுப்போன என் இலையையும் எடுத்துப் போட்டுவிட்டு, திண்ணையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

என்னை ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருஷமும் அவன் என்னோடு பேசினான், சிரித்தான், கணக்குச் சொல்லிக்கொடுத்தான். வேப்பமரத்தடிக்கு மட்டும் வரவில்லை.

இது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியவில்லை. 2008-இல் எறையூரில் ஒரே கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவர்களுக்குள் இந்தப் பிளவு கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவேயே ஒரு சுவர் எழுப்பினார்கள். செத்தவர்களுக்கு எந்தச் சுகாதாரம்?

கீழ்பென்னாத்தூர்ப் பெரியவரிடம் இந்தத் திண்ணைக் கதையைச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்; வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, "பவுல் கண்டித்தபோது பேதுரு என்ன பதில் சொன்னார்?" என்று கேட்டேன்.

"அது நிருபத்தில் இல்லை, ஐயா" என்றார் அவர். "சாப்பாட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாரா என்பதும் அதில் இல்லை."

செஞ்சியிலிருந்து பஸ் வந்துவிட்டது. இரண்டு டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டார்.