அமானிதம் யாருக்கு உரியது?

நம்மவர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. தாய்க்குப் பெரும் வியாதி என்றால், வைத்தியர் சொல்வதைப் பிள்ளைகள் கேட்டுக்கொள்வர். தாயிடம், "ஒன்றுமில்லை, உம்மா" என்பர். அன்பினால் செய்வதுதான். ஆயினும் அது நியாயமா?

சூலகப் புற்றுநோய், சிகிச்சைக்குப் பின்னும் பலருக்குத் திரும்பி வருகிறது. பிளாட்டினம் சேர்ந்த மருந்து முடிந்து 6 மாதங்களுக்கு மேல் கழித்து வந்தால், கார்போபிளாட்டினை இன்னொரு மருந்துடன் மீண்டும் கொடுப்பது வழக்கம். அதற்கு முன்பே வந்தால் பாக்லிடாக்ஸல், லிப்போசோமல் டாக்ஸோரூபிசின், டோபோடீக்கான் போன்றவற்றுள் ஒன்றைத் தனியே கொடுப்பர். ஒன்று முடியை உதிர்க்கும். ஒன்று உள்ளங்கை, உள்ளங்காலைப் புண்ணாக்கும். ஒன்று இரத்த அணுக்களைக் குறைக்கும். இந்நிலையில் நோக்கம் பெரும்பாலும் நோயை வேரறுப்பதன்று. ஆயுளை நீட்டுவதும் நோவைத் தணிப்பதுமே.

எதைத் தாங்குவது, எப்போது போதும் என்பதை யார் சொல்வது? டத்தோ கிராமாட்டிலிருந்து பொது மருத்துவமனை வெகு தூரமில்லை. அங்கே நாம் கேட்டுவரும் சேதி நம்மிடம் உள்ள அமானிதம். சொந்தக்காரர் அந்தத் தாயே. கடனைத் தீர்க்க, வஸிய்யத்துச் சொல்ல, மனம் கசந்தவரோடு சமாதானமாக அவருக்கு நாள் வேண்டும். மறைத்தால் அந்த நாட்களை நாம் எடுத்துக்கொண்டவராவோம்.

சொன்னால் மனம் உடைவாரே என்பர். எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று முதலில் கேட்போம், மெதுவாகச் சொல்வோம். "எனக்கு வேண்டாம், நீங்களே பாருங்கள்" என்று அவர் சொன்னால், அதுவும் அவர் முடிவே. பிணி தீர்ப்பவன் இறைவன். உரியதை உரியவரிடம் சேர்ப்பது நம் கடமை.