நாம் அனைவரும் மேய்ப்பர்களே!

 

 

நாம் எல்லோரும் பலமுறை கேட்ட ஒரு ஹதீஸ் உண்டு. நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர், உங்கள் பொறுப்பில் இருப்பவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ். ஆட்சியாளர் தம் மக்களுக்குப் பொறுப்பு. ஆண் தன் குடும்பத்துக்குப் பொறுப்பு. பெண் தன் கணவரின் வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் பொறுப்பு. பணியாளர் தன் முதலாளியின் பொருளுக்குப் பொறுப்பு. இப்னு உமர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

தமிழில் நாம் "பொறுப்பாளர்" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் நபி (ஸல்) அவர்கள் பயன்படுத்திய சொல் "ராஈ". ராஈ என்றால் ஆடு மேய்ப்பவர். அவருடைய பொறுப்பில் உள்ளவை "ரஇய்யத்", அதாவது மந்தை. அமீர் என்றோ தலைவர் என்றோ சொல்லியிருக்கலாம். மேய்ப்பர் என்று ஏன் சொன்னார்கள்?

பொறுப்பாளர் என்றதும் நமக்கு நாற்காலி ஞாபகம் வருகிறது. மேய்ப்பர் என்றதும் வெயிலும் முள்ளும் தூசியும் ஞாபகம் வருகிறது. இன்றைய ஜும்ஆவில் அதைத்தான் சிந்திக்கப் போகிறோம்.

மேய்க்காத நபி இல்லை

ஆடு மேய்க்காத எந்த நபியையும் அல்லாஹ் அனுப்பவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். தோழர்கள் ஆச்சரியப்பட்டு, "நீங்களுமா, அல்லாஹ்வின் தூதரே?" என்று கேட்டார்கள். ஆம், மக்காவாசிகளின் ஆடுகளைச் சில கீராத்துகள் கூலிக்கு மேய்த்தேன் என்று பதில் சொன்னார்கள். அபூஹுரைரா (ரழி) அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் இருக்கிறது. கீராத் என்பது மிகச் சிறிய நாணயம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்தக் கூலி வேலையை மறைக்கவில்லை.

இன்னொரு சம்பவத்தை ஜாபிர் (ரழி) அறிவிக்கிறார்கள். மக்காவுக்கு அருகே மர்ருழ் ழஹ்ரான் என்ற இடத்தில் தோழர்கள் அராக் மரத்தின் பழங்களைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். மிஸ்வாக் குச்சி எடுக்கிறோமே, அந்த மரம்தான். நபி (ஸல்) அவர்கள், கருத்த பழங்களாகப் பார்த்துப் பறியுங்கள், அவைதான் நன்றாக இருக்கும் என்றார்கள். காட்டுப் பழத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கிறதே, நீங்கள் ஆடு மேய்த்ததுண்டா என்று தோழர்கள் கேட்டபோது, ஆடு மேய்க்காத நபியும் உண்டா என்று திருப்பிக் கேட்டார்கள்.

பாருங்கள்! பல வருடங்களுக்கு முன், இளம் வயதில், காட்டில் பசியோடு திரிந்த காலத்தில் கற்ற ஒரு சின்ன விஷயம். தலைவரான பிறகு தம் தோழர்களின் பசிக்கு அது பயன்படுகிறது. அல்லாஹ் நம்மை நடத்திச் செல்லும் பாதையில் எந்தக் கஷ்டமும் வீணாவதில்லை.

ஏன் ஆடு? இப்னு ஹஜர் (ரஹ்) போன்ற அறிஞர்கள் இதற்கு விளக்கம் தருகிறார்கள். ஆடு பலவீனமான பிராணி. ஒன்று இந்தப் பக்கம் ஓடும், ஒன்று அந்தப் பக்கம் ஓடும். சினையாடு இருக்கும், நொண்டி ஆடு இருக்கும், குட்டி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். ஓநாய்க்கும் திருடனுக்கும் காவல் இருக்க வேண்டும். சிதறியதை மறுபடி மறுபடி சேர்க்க வேண்டும். கோபப்பட்டால் அதற்குப் புரியாது. இப்படிப் பல வருடம் மேய்த்தவரிடம் இரண்டு குணங்கள் ஊறிப்போகும். ஒன்று பொறுமை, இன்னொன்று இரக்கம். உம்மத்தை நடத்தத் தேவையானவை இந்த இரண்டும்தான்.

நெருப்பு தேடிப் போன தகப்பனார்

மூஸா (அலை) அவர்களைப் பாருங்கள். ஃபிர்அவ்னின் மாளிகையில் வளர்ந்தவர். அரசாட்சி எப்படி நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர். தலைமைக்கு அது போதும் என்று நாம் நினைப்போம். ஆனால் நுபுவ்வத் மாளிகையில் கிடைக்கவில்லை. அடைக்கலம் தேடி மத்யனுக்குப் போய், ஒரு மரநிழலில் ஒதுங்கி, யா அல்லாஹ், நீ எந்த நன்மையை எனக்கு இறக்கினாலும் அதன் தேவை உள்ளவனாக இருக்கிறேன் என்ற கருத்தில் கையேந்தினார்கள். அங்கே எட்டு வருடம் வேலை, விரும்பினால் பத்து வருடம் என்று ஒப்பந்தம். அதில் நீண்ட தவணையைத்தான் நிறைவேற்றினார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரழி) சொன்னது புகாரியில் இருக்கிறது.

அதன் பிறகும் நுபுவ்வத் எந்த நேரத்தில் கிடைத்தது? குடும்பத்தோடு பயணம். வழி தெரியவில்லை. குளிர். தூரத்தில் ஒரு நெருப்பு தெரிகிறது. நீங்கள் இங்கே இருங்கள், நான் போய் ஏதாவது தகவலோ, குளிர் காய ஒரு கொள்ளியோ கொண்டு வருகிறேன் என்று கிளம்பினார்கள். ஸூரத்துல் கஸஸிலும் தாஹாவிலும் அல்லாஹுத் தஆலா இதைச் சொல்லிக் காட்டுகிறான். குடும்பம் குளிரில் நடுங்கக் கூடாதே என்ற கவலையோடு நடந்த மனிதருக்கு, அந்த நடையிலேயே தூதுத்துவம் கிடைத்தது.

அருமையானவர்களே! வீட்டு வாடகைக்காக, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக, தாயின் மருந்துக்காக அலைகிறோமே, அந்த அலைச்சலை மார்க்கத்துக்கு வெளியே உள்ளதாக நினைத்துவிடாதீர்கள். நுபுவ்வத் முத்திரையிடப்பட்டுவிட்டது. ஆனால் அல்லாஹ்வின் நெருக்கம் கிடைக்கும் பாதை அடைபடவில்லை.

மூஸா (அலை) அவர்களிடம் பிறகு ஒப்படைக்கப்பட்ட மக்கள் எப்படிப்பட்டவர்கள்? கடலைப் பிளந்து காப்பாற்றியதும், சிலை ஒன்று செய்து தரச் சொன்னார்கள். சற்றே பிரிந்து போனால் கன்றுக்குட்டியை வணங்கினார்கள். மன்னும் ஸல்வாவும் இறங்கினால், ஒரே உணவு சலித்துவிட்டது என்றார்கள். பத்து வருடம் ஆட்டின் பின்னால் நடந்த பொறுமை அங்கே தேவைப்பட்டது. ஹுனைன் போருக்குப் பின் நபி (ஸல்) அவர்களின் பங்கீட்டில் நீதமில்லை என்று ஒருவர் பேசினார். அப்போது அவர்கள், மூஸாவுக்கு அல்லாஹ் அருள் புரியட்டும், இதைவிட அதிகமாகத் துன்புறுத்தப்பட்டும் அவர் பொறுத்துக்கொண்டார் என்று சொல்லித் தம் மனதை ஆற்றிக்கொண்டார்கள்.

மோசமான மேய்ப்பர்

கஷ்டம் எல்லோரையும் பக்குவப்படுத்திவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி அல்ல, ஜமாஅத்தார்களே! கஷ்டம் ஒருவரைக் கனிய வைக்கும், இன்னொருவரைக் கல்லாக்கிவிடும். முதலாளியிடம் திட்டு வாங்கியவர் வீட்டில் மனைவியைத் திட்டுகிறார். கடன்காரனிடம் தலைகுனிந்தவர் பிள்ளையிடம் தலைநிமிர்ந்து கத்துகிறார். மேலே வாங்கியதைக் கீழே இறக்கி வைக்கிறோம். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர், "எனக்கு டென்ஷன்".

ஆயித் இப்னு அம்ர் (ரழி) என்ற நபித்தோழர், உபைதுல்லாஹ் இப்னு ஸியாத் என்ற கடுமையான ஆளுநரிடம் நேரில் போய் ஒரு ஹதீஸைச் சொன்னார்கள். மேய்ப்பர்களில் மிக மோசமானவர் "ஹுதமா" என்று நபி (ஸல்) கூறியதாக அது முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. ஹுதமா என்றால் நொறுக்குபவர். தண்ணீருக்கு ஓட்டும்போதும் திருப்பும்போதும் ஒன்றின் மேல் ஒன்று விழும்படி அடித்து விரட்டுகிறவர்.

இந்த ஹதீஸைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சம்பவம் ஞாபகம் வரும். வெட்கத்தோடுதான் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு ஊரில் ஃபஜ்ருக்குப் பிறகு மக்தப் நடத்திக்கொண்டிருந்தேன். 12 வயதுப் பிள்ளை ஒருவன் தினமும் தாமதமாக வருவான். அந்த மாதம் எனக்குக் கையில் பணம் இல்லை. முந்தைய நாள்தான் மளிகைக் கடைக்காரர் நாலு பேர் முன்னால் பாக்கியைக் கேட்டிருந்தார். அந்தக் கோபத்தை அந்தப் பிள்ளையிடம் கொட்டிவிட்டேன். உனக்கெல்லாம் ஓதல் எதற்கு என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் கேட்டேன்.

நாலு நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாள் வீடு தேடிப் போனேன். அத்தா சஃபரில் இருக்கிறார். அம்மா முதுகுவலியால் எழ முடியாமல் படுத்திருக்கிறார். தெருக்குழாயில் விடியற்காலையில்தான் தண்ணீர் வரும். இவன் குடம் குடமாகப் பிடித்து, அம்மாவுக்கு டீ போட்டுக் கொடுத்து, தம்பி தங்கையை எழுப்பிவிட்டு மக்தபுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறான். எனக்குப் பேச்சு வரவில்லை. என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன். அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கையில் டீயைக் கொடுத்துவிட்டு, "சீனி போதுமா ஹஜ்ரத்?" என்று கேட்டான்.

அந்த வீட்டின் மேய்ப்பர் அந்தப் பிள்ளை. எனக்கு வந்ததும் கஷ்டம், அவனுக்கு வந்ததும் கஷ்டம். என் கஷ்டத்தை நான் அவன் தலையில் இறக்கினேன். அவன் தன் கஷ்டத்தைக் குடத்தில் சுமந்தான். யார் தலைவர்?

மறுநாள் வந்தான். அன்றும் தாமதம்தான். மற்ற பிள்ளைகளைப் பழைய பாடம் ஓத வைத்துவிட்டு, புதிய ஸபக்கை அவன் வந்த பிறகு ஆரம்பித்தேன். உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரழி) அவர்களைத் தம் கூட்டத்தாருக்கு இமாமாக நியமித்தபோது, அவர்களில் பலவீனமானவரைக் கவனித்து நடந்துகொள் என்று நபி (ஸல்) அறிவுறுத்தினார்கள். அபூதாவூதில் இருக்கும் இந்த ஹதீஸை மதரஸாவில் ஓதியிருக்கிறேன். அதன் பொருளை அந்த வீட்டில்தான் படித்தேன்.

சிதறாமல் காத்த மென்மை

இப்போது உஹதுக்கு வாருங்கள். ஹிஜ்ரி 3. மலைக்கணவாயில் 50 வில்வீரர்கள் நிறுத்தப்பட்டிருந்தார்கள். எது நடந்தாலும் இடத்தை விட்டு நகராதீர்கள் என்பது கட்டளை. வெற்றி கிடைத்துவிட்டது என்று நினைத்துப் பெரும்பாலோர் இறங்கிவிட்டார்கள். 70 பேர் ஷஹீதானார்கள். சிறிய தந்தை ஹம்ஸா (ரழி) ஷஹீதானார்கள். நபி (ஸல்) அவர்களின் முகம் காயப்பட்டு, பல் உடைந்து, இரத்தம் வழிந்தது. இவ்வளவும் சிலரின் தவறால்.

எந்தத் தலைவருக்கும் கோபம் வரும் இடம் அது. ஆலு இம்ரான் ஸூராவின் 159-வது வசனம் இந்தச் சூழலில்தான் பேசுகிறது. அல்லாஹ்வின் அருளால் நீங்கள் அவர்களிடம் மென்மையாக நடந்தீர்கள். கடுகடுப்பானவராக, கல்நெஞ்சராக இருந்திருந்தால் உங்களைச் சுற்றிலிருந்து அவர்கள் சிதறிப் போயிருப்பார்கள். ஆகவே மன்னித்துவிடுங்கள், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடுங்கள், காரியங்களில் அவர்களிடம் ஆலோசனை கேளுங்கள். இதுதான் அதன் கருத்து.

"சிதறிப் போயிருப்பார்கள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அடித்து விரட்டினால் மந்தை சிதறும். எத்தனை வீடுகளில் இன்று பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே சிதறிப் போயிருக்கிறார்கள்! அத்தா உள்ளே நுழைந்ததும் ஆளுக்கொரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். அது மரியாதை என்று நாம் நினைக்கிறோம்.

உமர் (ரழி) அவர்கள் கலீஃபாவாக இருந்தபோது மக்காவுக்கு அருகே ளஜ்னான் என்ற பள்ளத்தாக்கைக் கடந்தார்கள். இங்கேதான் கத்தாபின் ஒட்டகங்களை மேய்த்தேன், அவர் கடுமையானவராக இருந்தார் என்று நினைவுகூர்ந்தார்கள். கடுமையான தந்தையிடம் வளர்ந்தவர் அவர். ஆனால் ஹிஜ்ரி 18-ல் பஞ்சம் வந்தபோது என்ன செய்தார்கள்? மக்களுக்குக் கிடைக்கும்வரை நெய்யும் இறைச்சியும் தொடமாட்டேன் என்று விட்டுவிட்டு எண்ணெயோடு சாப்பிட்டார்கள். வயிறு இரைந்தது, உடலின் நிறமே மாறியது. சிறுவயதில் தமக்குக் கிடைத்த கடுமையை மந்தையின் மீது இறக்காமல், மந்தையின் பசியைத் தம் வயிற்றில் ஏற்றிக்கொண்டார்கள்.

இந்த வாரம் நாம் செய்ய வேண்டியது

முதலாவது, கோபம் வந்தால் நின்றிருப்பவர் உட்காரட்டும், அதிலும் அடங்காவிட்டால் சாய்ந்துகொள்ளட்டும் என்பது அபூதர் (ரழி) அறிவிக்கும் நபிமொழி. வெளியில் பட்டதை வெளியிலேயே வைத்துவிட்டு, ஸலாம் சொல்லி வீட்டுக்குள் நுழையுங்கள்.

இரண்டாவது, உங்கள் பொறுப்பில் மிகவும் பலவீனமானவர் யார் என்று பாருங்கள். வயதான தாயா, படிப்பில் பின்தங்கிய பிள்ளையா, கடையில் வேலை பார்க்கும் பையனா? அவர் தாமதிப்பதற்கும் தவறுவதற்கும் காரணம் என்ன என்று திட்டுவதற்கு முன் கேளுங்கள்.

மூன்றாவது, உஹதின் மூன்று பாடங்கள்: மன்னியுங்கள், அவர்களுக்காக துஆச் செய்யுங்கள், அவர்களிடம் ஆலோசனை கேளுங்கள். தவறு செய்த பிள்ளையிடமும் யோசனை கேட்டுப் பாருங்கள். அவன் மந்தையை விட்டு ஓடமாட்டான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கஷ்டத்தில் இருப்பவரிடம் போய், இது உங்களுக்கு நல்ல பயிற்சி என்று உபதேசம் செய்யாதீர்கள். முதலில் அவருடைய குடத்தில் ஒன்றைத் தூக்கிக் கொடுங்கள். மூஸா (அலை) மத்யனில் அந்தப் பெண்களுக்கு முதலில் செய்தது, அவர்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்ததுதான்.

யா அல்லாஹ்! எங்களுக்கு நீ தந்த கஷ்டங்களைக் கொண்டு எங்கள் உள்ளங்களைக் கல்லாக்கிவிடாமல் கனிய வைப்பாயாக! எங்கள் கடன்களை அடைத்து, நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! எங்களால் மனம் நொந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் துணிவைத் தருவாயாக! எங்கள் குடும்பங்களைச் சிதறாமல் காப்பாயாக! மறுமையில் எங்கள் மந்தையைப் பற்றி நீ விசாரிக்கும் நாளில், தலைகுனியாமல் நிற்கும் பாக்கியத்தை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன். ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.