மீண்டும் அதே கிராமத்துக்கு

கிராமப் பொருளாதாரத்தை ஆராயப் புகும் அறிஞனுக்கு நூலறிவைக் காட்டிலும் பெரிய மூலதனம் பொறுமையே என்பதற்குத் தமிழ்நாட்டின் ஆராய்ச்சி வரலாறே சாட்சி. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவரைக் கொண்டு விசாரித்தறிந்த கிராமங்களுள் ஒன்றான தென்னாற்காட்டு இருவேல்பட்டுக்கு, 1937-இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் வழிநடத்திய ஆய்வாளர் சென்றனர். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகன் சென்றார். ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடர்ந்த இந்தப் பரம்பரைக்கு ஈடான செல்வம் நம் கல்வியுலகில் அதிகம் இல்லை.

ஒருமுறை பார்த்தவனுக்குக் கிராமத்தின் நிலைமை தெரியும். மறுமுறை பார்த்தவனுக்கே அதன் கதி விளங்கும். சேகோ என்னும் ஜவ்வரிசி ஆலையிலே மரவள்ளிக் கிழங்குக்கு மாவுச்சத்துப் பாயிண்ட் எத்தனை என்று கேட்டு நிற்கும் குடியானவனுடைய கவலையை இவ்வாண்டுக் கணக்கு மட்டும் சொல்லிவிடாது. சென்ற தலைமுறையில் அந்நிலத்தில் என்ன விளைந்தது, கிணற்றில் நீர் எத்தனை அடியில் நின்றது, கூலி தானியமாகவா பணமாகவா அளக்கப்பட்டது என்பவற்றையும் அறிந்தவனே அந்தக் கவலையின் காரணத்தைச் சொல்ல வல்லவன்.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து சேலத்துக் கல்லூரிகளுக்குச் சென்று பொருளாதாரம் பயிலும் இளைஞர்களே, இந்த விடுமுறையில் உங்கள் ஊரையே வீடு வீடாக விசாரித்து எழுதுங்கள். எழுதிய தேதியைக் குறிக்க மறவாதீர்கள், பின்னால் வருபவருக்கு அதுவே ஆதாரம்.